உஷ் மேஸ்திரியும் மேல்பெட்டித் தாழ்ப்பாளும்

என் வீட்டுக்காரருக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. வண்டி வேலை நடக்கிற இடங்களில் போய் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. உஷ் மேஸ்திரி என்று கேட்டால் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள்.

அவருடைய தொழில் வேனுக்குள் வீடு கட்டுவது. ஊர் சுற்ற ஆசைப்படுகிறவர்கள் பழைய சரக்கு வேன் ஒன்றை வாங்கிக் கொண்டு வருவார்கள். அதற்குள் ஒரு கட்டில், அடுப்பு மேடை, மேடைக்குக் கீழே இழுப்பறைகள், கூரையை ஒட்டி மேல்பெட்டிகள் என்று எல்லாவற்றையும் இவர் மரத்தில் செய்து பொருத்துவார். மெத்தை உறையும் ஜன்னல் திரையும் நான் தைப்பேன். இரண்டு பேருக்கும் ஒரே ஷெட். முன்பாதி அவருக்கு, பின்பாதி எனக்கு, நடுவில் ஒரு தகரத் தடுப்பு. அவருடைய மரத்தூள் என் துணியில் வந்து உட்காரக் கூடாது என்று சண்டை போட்டு நான் கட்ட வைத்தது.

ஆரம்பத்தில் அவரும் வீடுகளுக்கு அலமாரி செய்துகொண்டிருந்தவர்தான். முதல் வேன் வந்தபோது, வீட்டுச் சமையலறைக்குச் செய்வது போலவே மில்லிமீட்டர் இடைவெளி இல்லாமல் இழைத்துப் பொருத்தி, கதவுகளுக்குக் காந்தம் வைத்து அனுப்பினார். மூன்றாம் நாள் அந்த வேனின் சொந்தக்காரர் திரும்பி வந்தார். ஒரு கையில் இழுப்பறையின் முகப்புப் பலகை, இன்னொரு கையில் உடைந்த துண்டுகளை அள்ளிப் போட்ட ஒரு கோணிப்பை.

"இந்தாங்க, உங்க சமையலறை. எண்ணிப் பாத்து வாங்கிக்குங்க" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் ரோட்டைக் குறை சொல்லியிருப்பார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? அந்த வேனைத் திரும்பப் பொருத்தி, டிரைவர் ஒருவரைப் பிடித்து, கல்குவாரிக்குப் போகிற ரோட்டில் ஒரு நாள் முழுக்க ஓட்டச் சொன்னார். அது லாரிகள் உழுது போட்ட ரோடு. இவர் முன்னால் உட்காரவில்லை. பின்னால் தரையில் சம்மணம் போட்டு, முதுகைப் பெட்டியில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே போனார். மாலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அன்று அவர் கண்டுபிடித்ததைத்தான் இன்றுவரை எல்லோருக்கும் சொல்கிறார்.

"வீடு நிக்கும், வண்டி நெளியும். நெளியற இடத்துல இறுக்கிப் பிடிச்சா பிச்சுக்கிட்டு வந்துடும். தாழ்ப்பாளுக்குத் தீக்குச்சி அளவு மூச்சு விட இடம் குடுக்கணும். அதுக்கு மேல குடுத்தா ஆட ஆரம்பிச்சிடும்."

காந்தத்தை அன்றோடு விட்டார். "காந்தம் ஃபிரிட்ஜ் கதவுக்கு, ரோட்டுக்கு இல்ல" என்பார். அழுத்தினால் மட்டும் திறக்கிற தாழ்ப்பாள் போடுவார். தாழ்ப்பாளின் நாக்கு போய் மாட்டுகிற இரும்புக் கொண்டியை இரண்டு திருகு போட்டுச் சட்டத்தோடு பிணைப்பார். கனமான சாமான் கீழே, லேசானது மேலே. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் ரப்பர் துண்டு. இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். அவருடைய காதை மட்டும் யாரும் கற்றுக்கொள்ள முடியவில்லை.

ஒவ்வொரு வண்டியும் முடிந்ததும், சொந்தக்காரர்கள் உண்மையில் என்னென்ன வைக்கப் போகிறார்களோ அத்தனையையும் இழுப்பறைகளில் நிரப்பி, அந்தக் கல்குவாரி ரோட்டில் ஓட்டியாக வேண்டும். இவர் பின்னால் தரையில் உட்காருவார். முன்னால் யாராவது பேச வாய் திறந்தால் ஒற்றை விரலைத் தூக்கி "உஷ்!" என்பார். அப்படி வந்ததுதான் பெயர். அப்புறம் கண்ணைத் திறக்காமலே சொல்வார்: "இடது பக்கம், ரெண்டாவது டிராயர், பின்பக்க ஓடுபாதைல ஒரு திருகு கால் சுத்து லூசு." இறங்கிப் பார்த்தால் கால் சுற்றுதான் இருக்கும், அரைச் சுற்று இருக்காது. சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு வைப்பார், ஷெட்டுக்கு வந்ததும் சரி செய்வார். எங்கெங்கேயோ இருந்து வண்டிகள் வந்ததற்குக் காரணம் இழைப்பு இல்லை. இவரைவிட நன்றாக இழைக்கிறவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அந்தக் காதுக்காகத்தான் வந்தார்கள். அது அவருக்கும் தெரியும்.

அந்தக் காதுதான் போக ஆரம்பித்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், குக்கரை வைத்துவிட்டு, "மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் வீடெல்லாம் தீய்ந்த வாடை. இவர் அடுப்புக்கு இரண்டு அடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

"எத்தனை விசில் வந்துச்சு?"

"ஒண்ணுகூட வரல. உன் குக்கர்ல வாஷர் போயிருக்கும்" என்றார் கூசாமல்.

நானும் சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்துத் திட்டினேன். அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. செல்போன் பக்கத்தில் கிடந்து கத்தும், எடுக்க மாட்டார். ஆண்கள் கட்டைக் குரலில் பேசினால் சரியாகப் பதில் வரும், நான் பேசினால் "என்ன?" என்பார். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஏங்க, உங்களுக்குக் காது சரியாக் கேக்குதா?"

"என் காதுக்கு என்ன? உன் வாய்க்குத்தான் ஓய்வு இல்ல. எவ்வளவுதான் கேக்கறது?"

வாயடைத்துப் போனேன். எனக்கே வாயடைத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து வருடமாக மரம் அறுக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் காதை மூடாமல் நின்ற மனிதர். பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னால், "காதை மூடிட்டா மரம் பேசறது கேக்காது" என்று எனக்கே பாடம் எடுத்தவர். இப்போது கட்டைச் சத்தமெல்லாம் கேட்கிறது, சின்னச் சத்தமும் கீச்சுச் சத்தமும் போய்விட்டன. அவர் தொழிலில் சோறு போட்டதே அந்தச் சின்னச் சத்தங்கள்தான்.

அதற்கு அடுத்த மாதம் ஒரு வண்டியை ஓட்டிப் பார்த்தோம். திரைக் கம்பி ஆடுகிறதா என்று பார்க்க நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மேல்பெட்டியிலிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம் விடாமல் வருகிறது. இவர் கண்ணை மூடி, விரலைத் தூக்கி, தவத்தில் இருப்பது போல் இருக்கிறார். எட்டுக் கிலோமீட்டர் முடிந்ததும் கண்ணைத் திறந்து, "சுத்தம். ஒரு பொட்டுச் சத்தம் இல்ல" என்றார். வண்டிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். வண்டிக்காரர் முன்னால் எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்தாவது சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தேன், வாய் வரவில்லை. ஊரே அவர் காதைப் பார்த்து வேலை கொடுக்கிறது. காது போச்சு என்று வெளியே தெரிந்தால் ஐம்பத்துநாலு வயதில் இந்த மனிதர் என்ன ஆவார்? மறுநாள் காலை அவர் மரக்கடைக்குப் போன சமயம் திருப்புளியை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறி, மேல்பெட்டியில் ஆடிய திருகைத் தேடி நானே முடுக்கினேன்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிப் போனது. ஓட்டிப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் ஏதாவது சாக்குச் சொல்லி நானும் ஏறிக்கொள்வேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதாக உட்கார்ந்திருப்பார். நான் கண்ணைத் திறந்துகொண்டு உண்மையில் கேட்பேன். மனதுக்குள் குறித்து வைத்துக்கொண்டு, அவர் இல்லாத நேரம் பார்த்துச் சரி செய்வேன். தையல்காரியின் கைக்குத் திருப்புளி முதலில் வழுக்கத்தான் செய்தது, திருகுத் தலைகளின் பள்ளத்தைக் கடித்தது போல் சிதைத்து வைத்தேன். துளை பெரிதாகித் திருகு பிடிக்காவிட்டால், தீக்குச்சியைப் பசையில் தோய்த்துத் துளைக்குள் செருகி, காய்ந்ததும் மேலே முடுக்க வேண்டும் என்பதும் அவர் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். பதினெட்டு வண்டிகள் இப்படிப் போயின. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

இவருக்கோ பெருமை தாங்கவில்லை. "முன்னெல்லாம் வண்டிக்குப் பத்து வட்டம் போடுவேன். இப்ப சாக்பீஸையே தொடறது இல்ல, பாத்தியா? கை அவ்வளவு சுத்தமாயிடுச்சு" என்பார்.

"ஆமாமா, உங்க கை யாருக்கு வரும்" என்பேன். செவிடன் காதில் ஊதிய சங்கு என்ற பழமொழி என் வாயில் தினம் நாலு தடவை வந்து போகும். அந்த இரண்டு வருடத்தில் வீட்டில் அதை நான் சொன்னதே இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் கண்டக்டர் வந்து சேர்ந்தார். ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர். முப்பத்திரண்டு வருடம் ஒரே தடத்தில் போய் வந்தவர். "இந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்டு, அந்தப் பக்கம் மார்க்கெட்டு. நடுவுல இருபத்தேழு ஸ்டாப்பு. இதைத் தவிர உலகத்துல எதையும் நான் பாத்ததில்ல மேஸ்திரி" என்றார். வேலையை விட்ட பிறகுதான் வண்டி ஓட்டவே கற்றுக்கொண்டாராம். கழுத்தில் இன்னும் விசில் தொங்கியது.

கூடவே அவர் சம்சாரம். நல்ல கனத்த உடம்பு, முழங்கால் இரண்டும் தேய்ந்து போனவர். முன் சீட்டில் காலைத் தொங்கப் போட்டு உட்கார முடியாது. ஓடுகிற வண்டியில் பின்னால் கட்டிலில் சாய்ந்துகொண்டுதான் வருவார். அந்தக் குட்டி வேனில் அடுப்புச் சாமான் வைக்கிற மேல்பெட்டி கட்டிலுக்கு நேர் மேலேதான் அமைந்தது. அந்த அம்மாவிடம் ஒரு இரும்புச் சட்டி இருந்தது, இரண்டு கையால் தூக்க வேண்டிய சட்டி. அதை மேல்பெட்டியில்தான் வைப்பேன் என்று நின்றார்.

"அம்மா, தலைக்கு மேல இரும்பு வைக்கக் கூடாது. கீழ டிராயர்ல வச்சுக்குங்க" என்றார் இவர்.

"நீங்க வந்து தெனமும் குனிஞ்சு எடுத்துத் தருவீங்களா? குனிஞ்சா எனக்கு எந்திரிக்க முடியாதுய்யா."

அந்த முழங்காலைப் பார்த்துவிட்டு இவர் இறங்கி வந்தார். கொண்டியைக் கூடுதல் கனத்தில் வாங்கிப் போட்டார். "இது தாங்கும். வண்டி கவுந்தாலும் திறக்காது" என்று சொன்னார். விசிலை அந்த அம்மாவிடம் கழற்றிக் கொடுத்த கண்டக்டர், "பின்னாடி இருந்து ஒண்ணு ஊதினா நிறுத்துவேன், ரெண்டு ஊதினா எடுப்பேன்" என்றார். அந்த அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே ஒன்று ஊதிப் பார்த்தார். ஷெட்டில் இருந்த பூனை எகிறி ஓடியது. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பலகையில் பென்சில் கோடு போட்டுக்கொண்டே இருந்தார்.

வண்டி முடிந்தது, வெள்ளிக்கிழமை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. திங்கட்கிழமை ஓட்டிப் பார்த்தோம். சட்டி வைத்த மேல்பெட்டியில் லேசாக டிக் என்றது. புதுக் கொண்டி கனம் என்பதால் ஒரு திருகுத் துளை கொஞ்சம் விட்டுக் கொடுத்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை இவர் வெளியே போனதும் ஏறினேன். அந்தத் திருகைக் கழற்றி வெளியே எடுத்தேன். தீக்குச்சியை ஒடித்துப் பசையைத் தேடிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. என் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். திருகு எங்கேயாவது உருண்டு தொலைந்து போகுமே என்று, அதைத் துளைக்குள் வைத்துக் கட்டை விரலால் அழுத்திவிட்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். வெள்ளிக்கிழமைதானே எடுக்கிறார்கள், வியாழன் வந்து முடித்துக்கொள்ளலாம் என்று கணக்கு.

அக்காவுக்கு ஆபரேஷன் முடிந்து, அவள் மகள் வந்து சேர்ந்ததும், வியாழக்கிழமை பத்து மணிக்கு ஷெட்டுக்குத் திரும்பினேன். வண்டி நின்ற இடம் காலியாக இருந்தது. இவர் துடைப்பத்தால் மரத்தூளைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

அவர் முன்னால் போய் நின்று, உரக்கக் கேட்டேன். "கண்டக்டர் வண்டி எங்க?"

"காலைல ஏழு மணிக்கே எடுத்துட்டுப் போயிட்டாரு. மனுஷனுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் இருப்பு கொள்ளல. மலை ரோடு வழியா மேல ஏறிப் போறாங்களாம்."

"மேல்பெட்டி? மேல்பெட்டியைப் பாத்தீங்களா?"

"அதான் நீ பாத்துட்டியே" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. துடைப்பம் கையில் அப்படியே நின்றது. எனக்குக் காதில் விழுந்தது மண்டையில் ஏற ஒரு நிமிடம் ஆனது.

"நான் பாப்பேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எல்லாத் திருகையும் நான் மெஷின்ல போடறேன். தலை சுத்தமா இருக்கும். எலி கடிச்ச மாதிரி கடிச்சு வைக்கறது உன்னைத் தவிர யாரு? மொத வண்டியிலேயே தெரியும். நேத்து சாயங்காலம் அந்தக் கொண்டியைப் பாத்தேன். தலை கடிபட்டிருந்துச்சு. சரி, இவ பாத்துட்டுத்தான் போயிருக்கான்னு விட்டுட்டேன்."

"ஐயோ, முடுக்கலைங்க! கழட்டித்தான் வச்சேன்! வெரலால சும்மா சொருகி வச்சிட்டுப் போனேன்!"

அவர் துடைப்பத்தைக் கீழே போட்டார். இரண்டு வருடம் அவருக்குத் தெரியாமல் நான் செய்ததாக நினைத்திருந்தேன். எனக்குத் தெரியாமல் அவர் அதை நம்பியே வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். முழுப் பூசணிக்காயை ஆளுக்குப் பாதியாகச் சோற்றில் மறைத்துவிட்டு, எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். சண்டை போட அது நேரம் இல்லை. இரண்டு திருகில் ஒன்றுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதற்குப் பின்னால் இரும்புச் சட்டி, அதற்குக் கீழே ஒரு தலை. கண்டக்டருக்குப் போன் அடித்தேன், அணைத்து வைத்திருந்தார். வண்டி ஓடும்போது போனைத் தொடாதது வேலையில் இருந்தபோது வந்த பழக்கமாம்.

பைக்கை எடுத்தார். கருவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினேன். கண்டக்டர் முப்பதுக்கு மேல் போக மாட்டார், வழியில் டீ குடிக்க நிறுத்துவார், பிடித்துவிடலாம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். போகிற வழியெல்லாம் பின்னாலிருந்து கத்தினேன். என் தப்புதாங்க, சொல்லியிருக்கணும், அன்னிக்கே சொல்லியிருக்கணும் என்று அழுதுகொண்டே கத்தினேன். காற்றுச் சத்தமும் எஞ்சின் சத்தமும் சேர்ந்த இடத்தில் அவருக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்காது. முதுகைப் பார்த்துச் சொல்கிறவளுக்கு முகத்தைப் பார்த்துச் சொல்ல இரண்டு வருடம் இருந்தது.

மலையடிவாரத்தில் தார் ரோடு முடிந்து ஜல்லி ஆரம்பித்தது. பாலம் கட்டுவதற்காக ரோட்டைக் கொத்திப் போட்டிருந்தார்கள். அதைத் தாண்டி ஒரு வளைவில், புளியமர நிழலில் அந்த வேன் நின்றது. எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடை, நாலைந்து லாரி டிரைவர்கள். நிற்கிறது என்று பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. பக்கவாட்டுக் கதவு திறந்திருப்பதைப் பார்த்ததும் வந்த உயிர் போனது.

அந்த அம்மா வேன் படியில் உட்கார்ந்திருந்தார். இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தார். தோள்பட்டையில் ஈரத் துண்டு. உள்ளே மேல்பெட்டிக் கதவு அண்ணாந்து திறந்து கிடந்தது, கொண்டி சட்டத்திலிருந்து பிய்ந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. சட்டி தலையணை மேல் கிடந்தது. ஜல்லி ரோட்டில் குலுக்கல் ஆரம்பித்ததும் பாலத்தைப் பார்க்க ஜன்னல் பக்கம் உருண்டு எழுந்திருக்கிறார் அந்த அம்மா. அந்த ஒரு முழத்தில் தலை தப்பித்தது, தோள் வாங்கிக்கொண்டது. வலியில் விசிலை ஒன்று ஊதுவதற்குப் பதில் விடாமல் ஊதினாராம்.

கண்டக்டர் என் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"வண்டி கவுந்தாலும் திறக்காதுன்னு சொன்னியே! உஷ் மேஸ்திரின்னு ஊரெல்லாம் சொன்னானுங்களே! இதுதான் உன் காதா? அவளுக்கு ஏதாவது ஆயிருந்தா நான் எங்கய்யா போவேன்?"

டீக்கடையே எழுந்து வந்துவிட்டது. அதில் இரண்டு பேர் கல்குவாரி லாரிக்காரர்கள், இவரைத் தெரிந்தவர்கள். அவர்கள் குறுக்கே வந்தார்கள். "விடுங்க சார், உஷ் அண்ணன் அப்படி விடறவர் இல்ல, ரோடு அப்படி" என்றார் ஒருவர். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இவர் தப்பித்திருக்கலாம். தப்பிக்கிறாரோ என்று நானும் பார்த்தேன்.

அவர் சட்டையை விடுவித்துக்கொள்ளவில்லை. "ரோடு இல்லப்பா" என்றார். அப்புறம், தனக்கே கேட்க வேண்டும் என்பது போல, ரொம்பச் சத்தமாகச் சொன்னார். "எனக்குக் காது கேக்காதுங்க. ரெண்டு வருஷமாச்சு. கேக்குதுன்னு சொல்லி வேலை வாங்கிட்டு இருக்கேன். உங்க வண்டியில வந்த சத்தம் எனக்குக் கேக்கல. தப்பு என்னோடது, முழுக்க என்னோடதுதான்."

திருகைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னை மறைத்தே பேசினார். கண்டக்டரின் கை தானாக இறங்கியது. லாரிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னொரு தடவை வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை.

"அவர் சொல்றதுல பாதிதாங்க உண்மை" என்றேன். "எனக்குக் கேட்டுச்சு. சரி பண்ணறேன்னு திருகைக் கழட்டினது நான். பாதியில விட்டுட்டு ஓடினதும் நான். இவருக்குக் கேக்கலைன்னு தெரிஞ்சும் ரெண்டு வருஷமா அவர்கிட்ட சொல்லல."

"இவ பின்னாடி பாக்கறான்னு தெரிஞ்சும் நானும் ஒரு வார்த்தை கேக்கல" என்றார் அவர்.

அந்த அம்மா படியில் உட்கார்ந்தபடியே எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வலியில் முகம் வெளிறியிருந்தது.

"ஏம்மா, ஒரே வீட்டுலதானே இருக்கீங்க?"

"ஆமாங்க."

"ஒரே ஷெட்டுலதானே வேலை பாக்கறீங்க?"

"ஆமாங்க."

"அப்ப ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கறதே இல்லையா?"

கண்டக்டர் திட்டியது எனக்கு எப்போதோ மறந்துவிட்டது. அந்த அம்மா கேட்டது இன்னும் உறைக்கிறது.

லாரிக்காரர் ஒருவர் வேனை ஓட்ட, நான் அந்த அம்மாவைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, ஆஸ்பத்திரிக்குப் போனோம். காறை எலும்பில் விரிசல், ஆறு வாரம் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்க வேண்டும் என்றார்கள். அந்த ஆறு வாரமும் காலையில் நான் போய்ச் சமைத்து வைத்துவிட்டு வந்தேன். முதல் வாரம் கண்டக்டர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதில் என்ன குறை சொல்ல முடியும்? இவர் காது டாக்டரிடம் போனார். காதில் மெஷின் வைத்தால் பேச்சுக் கேட்கும், விசில் கேட்கும். ஓடுகிற வண்டியில் கால் சுற்றுத் திருகின் சத்தத்தைப் பிரித்துக் கேட்பது கஷ்டம் என்று டாக்டர் கட்டைக் குரலில் நேராகவே சொல்லிவிட்டார். ஷெட்டுக்கு வந்ததும் இவர் தகரத் தடுப்பைக் கழற்றிச் சுவரோரம் சாத்தினார். "நீ கூப்பிட்டா தெரியணும்ல" என்றார். என் துணியெல்லாம் இப்போது மரத்தூள்தான்.

செய்தி பரவாமல் இருக்குமா? இரண்டு பேர் வண்டி தருவதாகச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அனுப்பிய பதினெட்டு வண்டிக்காரர்களையும் இவரே போனில் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி, வந்து காட்டச் சொன்னார். பதினொரு பேர் வந்தார்கள். சட்டி மட்டும் இப்போது கட்டிலுக்கு எதிரில், அந்த அம்மாவின் இடுப்பு உயரத்தில், தனிக் கூண்டில் இருக்கிறது. இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று இவர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஆறாவது வாரம் கண்டக்டர் வண்டியை மறுபடி கல்குவாரி ரோட்டுக்குக் கொண்டுபோனோம். கண்டக்டர் ஓட்டினார். அந்த அம்மா பிடிவாதமாகக் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டார், கழுத்தில் விசில். நான் தரையில் சம்மணம் போட்டு, முதுகைப் பெட்டியில் சாய்த்துக்கொண்டேன். இவர் என் எதிரில், உள்ளங்கையைப் பலகையில் பதித்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணை மூடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜல்லி ஆரம்பித்தது. கண்டக்டர் முன்னாலிருந்து, "இந்த ஸ்டாப்புல யாராவது இறங்கறீங்களா?" என்று தமாஷ் பண்ணினார்.

"உஷ்!" என்றேன் நான்.

இரண்டு கிலோமீட்டர் போயிருக்கும். குவாரி வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன, ஆட்கள் எங்கள் வண்டியைப் பார்த்துக் கை காட்டினார்கள். திறந்த ஜன்னல் வழியாக அத்தனை பேருக்கும் கேட்கும்படி இவர் என்னிடம் கேட்டார்.

"எனக்குக் கேக்கல. உனக்குக் கேக்குதா?"

"கேக்குது. வலது பக்கம், கடைசி டிராயர், முன் திருகு."

"எவ்வளவு?"

"அரைச் சுத்து இருக்கும்."

அவர் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். குனிந்து, நான் சொன்ன இடத்தில் வட்டம் போட்டார்.